பூ நிறம் தரும், காய் உறையவைக்கும்: காட்டுப்பூ ஜெல்லிக்கு ஓர் எளிய விளக்கம்

செம்பருத்தி இதழ்களைத் தண்ணீரில் கொதிக்கவைத்து, வடிகட்டி, சர்க்கரை சேர்த்து எவ்வளவு நேரம் காய்ச்சினாலும் அது ஜெல்லியாக உறைவதில்லை. முதலில் சர்பத் பதத்துக்கு வரும், பிறகு பாகாகும், அதற்கு மேலும் அடுப்பில் விட்டால் கெட்டிப்பட்டுப் பாத்திரத்தின் அடியில் ஒட்டிக்கொள்ளும். பூவைக் கொண்டு ஜெல்லி செய்ய முதன்முதலாக முயல்பவர்கள் பலர் இந்த இடத்தில்தான் மனம் தளர்ந்து விட்டுவிடுகிறார்கள். ஆனால் அங்கே தவறிப்போவது கைப்பக்குவம் அன்று. பூவிடம் நிறம் உண்டு, மணம் உண்டு, மெல்லிய ஒரு சுவையும் உண்டு. ஒரு சாற்றை உறையவைக்கும் பொருள் மட்டும் பெரும்பாலான பூக்களிடம் போதிய அளவில் இல்லை. அதை ஒரு காயிலிருந்தோ பழத்திலிருந்தோ வாங்கித்தான் சேர்க்க வேண்டும். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டவருக்குப் பூ ஜெல்லியில் கடினமான பகுதி முடிந்துவிட்டது என்றே சொல்லலாம்.

குளிர்நாடுகளில் இது பழகிய வேலை. பனி உருகிய பிறகு புல்வெளிகளில் மஞ்சளாகப் பூக்கும் டேன்டலியன், நீல நிற வயலட், வேலியோரத்து எல்டர் ஆகிய பூக்களைப் பறித்து அங்குள்ளவர்கள் ஜெல்லி செய்கிறார்கள். அவர்களுடைய செய்முறைகளைப் பார்த்து நாம் அப்படியே செய்ய முனைவதில் பயனில்லை, ஏனெனில் அந்தப் பூக்கள் நம் பக்கத்தில் கிடைப்பதில்லை. அவை தேவையும் இல்லை. செங்கோட்டையிலிருந்து புளியரை வழியாக ஆரியங்காவுக்கும் தென்மலைக்கும் ஏறிச் செல்லும் இந்தத் தமிழ்நாடு–கேரள எல்லைப் பகுதியில், மலைக்குக் கிழக்கே மழை குறைந்த செம்மண் தரையில் ஆவாரை தானாக வளர்கிறது. மேற்கே ஈரம் மிகுந்த தோட்டங்களில் செம்பருத்தியே வேலியாக நிற்கிறது. சங்குப்பூக் கொடி இரு பக்கத்து வேலிகளிலும் படர்கிறது. உறையவைக்கும் காய்களும் இங்கேயே விளைகின்றன. கடையில் வாங்க வேண்டியது சர்க்கரை மட்டுமே.

எந்த ஜெல்லியைப் பற்றிப் பேசுகிறோம்

ஒரே பெயரில் இரண்டு வேறு பண்டங்கள் வழங்குவதால் முதலில் அவற்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். பிறந்தநாள் விருந்துகளில் கிண்ணத்தில் ஆடிக்கொண்டு வரும் குளிர்ந்த ஜெல்லி ஒரு வகை. அதை உறையவைப்பது விலங்குகளின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படும் ஜெலட்டின், அல்லது கடற்பாசியிலிருந்து எடுக்கப்படும் அகர் அகர். நம் கடைகளில் சைனா கிராஸ் என்று விற்பது இந்த அகர் அகர்தான். மண்டபம், ராமேசுவரம் கடற்பகுதியில் இதற்கான பாசியை நெடுங்காலமாகச் சேகரித்து வருகிறார்கள். அகர் அகர் உறைவதற்குப் புளிப்பும் வேண்டாம், அதிகச் சர்க்கரையும் வேண்டாம். எந்தப் பூவின் நீரையும் அது எளிதாக உறையவைத்துவிடும். ஆனால் அப்படிச் செய்த பண்டத்தைக் குளிர்பெட்டியில் வைத்து ஓரிரு நாட்களில் உண்டுவிட வேண்டும்; பாட்டிலில் அடைத்து மாதக்கணக்கில் வைக்க முடியாது.

ரொட்டியிலும் தோசையிலும் தடவிக்கொள்ளும் ஜெல்லி மற்றொரு வகை. இது தெளிவாக, ஒளி ஊடுருவுவதாக இருக்கும். கரண்டியால் எடுத்தால் வெட்டிய இடம் விளிம்பு குலையாமல் நிற்கும். பழச்சதையும் சேர்த்துக் காய்ச்சுவது ஜாம். வடிகட்டிய சாற்றை மட்டும் காய்ச்சுவது ஜெல்லி. இக்கட்டுரை சொல்லும் ஜெல்லி இந்த இரண்டாவது வகையே.

உறைதல் எப்படி நிகழ்கிறது

செடிகளின் செல்சுவரில் பெக்டின் என்ற ஒரு பொருள் இருக்கிறது. பிரெஞ்சு வேதியியலாளர் ஆன்ரி பிராகன்னோ 1825-இல் இதனை ஆராய்ந்து விவரித்தார். அது மிக நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறு. நீரில் வேகும்போது காயிலிருந்து கழன்று சாற்றில் கலக்கிறது. அவ்வாறு கலந்த சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணைந்து வலைபோல் அமைந்து, தம் கண்களுக்குள் நீரைப் பிடித்துவைத்துக்கொண்டால் அதுவே ஜெல்லி.

ஆனால் அவை தாமாகப் பிணைவதில்லை. இரண்டு தடைகள் உள்ளன. சாற்றில் இருக்கும் பெக்டின் சங்கிலிகள் எல்லாம் ஒரே வகை மின்னூட்டம் (நெகட்டிவ்) கொண்டவை ஆகையால் ஒன்றையொன்று விலக்கித் தள்ளுகின்றன. புளிப்பு, அதாவது அமிலம், சேரும்போது அந்த மின்னூட்டம் தணிந்து அவை நெருங்கி வருகின்றன. அடுத்து, ஒவ்வொரு சங்கிலியையும் நீர் மூலக்கூறுகள் சூழ்ந்து நின்று மற்றதோடு சேரவிடாமல் செய்கின்றன. சர்க்கரை நீரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும் இயல்புடையது; போதிய சர்க்கரை இருக்கும்போது சங்கிலிகளைச் சூழ்ந்த நீர் குறைந்து, அவை ஒன்றோடொன்று பற்றிக்கொள்ள வழி பிறக்கிறது. ஆகவே பெக்டின், அமிலம், சர்க்கரை ஆகிய மூன்றும் உரிய அளவில் ஒரே நேரத்தில் இருந்தால்தான் சாறு உறையும். ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் அதை ஈடுகட்டுவதில்லை.

அளவுகளையும் சொல்லிவிடலாம். முடிந்த ஜெல்லியில் நூற்றுக்கு ஏறத்தாழ 65 பங்கு சர்க்கரை இருக்க வேண்டும். இந்தியாவில் 1955-ஆம் ஆண்டின் பழப் பண்ட ஆணையும் ஜெல்லியில் கரைந்த திடப்பொருள் 65 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்றே வகுத்திருந்தது. புளிப்பைப் பொறுத்தவரை, அதைக் குறிக்கும் பி.எச். அளவு (எண் குறையக் குறையப் புளிப்பு மிகும்) 3-ஐ ஒட்டி, 2.8 முதல் 3.4 வரை இருப்பது நல்லது. எலுமிச்சைச் சாற்றைக் கொண்டு இந்த நிலைக்குக் கொண்டுவருவது எளிது.

பூ ஜெல்லியில் எலுமிச்சைக்கு மற்றொரு கடமையும் உண்டு. கொய்யா, திராட்சை போன்ற பழங்களில் இயல்பாகவே ஓரளவு புளிப்பு இருக்கிறது. பூ நீரில் அது பெரும்பாலும் இல்லை. காற்றுப் புகாமல் அடைத்த பாட்டிலில் பி.எச். அளவு 4.6-க்கு மேல் இருந்தால், உயிருக்கே ஆபத்தான போட்டுலினம் நஞ்சை உண்டாக்கும் நுண்ணுயிர் வளர வாய்ப்பு உண்டு. எனவே செய்முறையில் சொன்ன எலுமிச்சையைச் சுவைக்காகக் குறைப்பதை நான் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். புளிப்புப் பிடிக்காதவர்கள் பூவை மாற்றலாம். எலுமிச்சையைக் குறைக்கக் கூடாது.

பெக்டினை எங்கே வாங்குவது

அடுமனைப் பொருள்கள் விற்கும் கடைகளில் பெக்டின் தூளாகவே கிடைக்கிறது. அதன் உறையில் 150 கிரேடு என்று அச்சிட்டிருந்தால், உரிய நிலையில் ஒரு கிராம் தூள் 150 கிராம் சர்க்கரையைத் தாங்கி உறையவைக்கும் என்பது பொருள். சில நிறுவனங்கள் அதில் சர்க்கரையைக் கலந்து விற்பதால், உறையிலுள்ள அளவையே பின்பற்றுவது முறை. மணம் மிக மெல்லியதாக உள்ள பூவுக்கு இந்தத் தூளே ஏற்றது. அது தனக்கென்று ஒரு மணத்தைக் கொண்டுவருவதில்லை.

எனினும், நம் தோட்டத்துக் காய்களைக் கொண்டே இதைச் செய்ய முடியும் என்பதுதான் எனக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. செங்காயாக உள்ள கொய்யாவில் பெக்டின் நிறைந்திருக்கிறது. பழுக்கப் பழுக்க அந்தப் பெக்டின் சிதைந்துகொண்டே வருவதால், கையில் அழுத்தினால் குழையும் கொய்யா இந்த வேலைக்கு உதவாது. புதர்க்காடுகளில் முள்ளோடு நிற்கும் களாக்காயில் பெக்டினும் புளிப்பும் ஒருங்கே மிகுதி. விளாம்பழமும் பெக்டினுக்குப் பெயர் பெற்றது. அதன் மணம் வலுவானது என்பதால் மென்மையான பூவோடு அதைச் சேர்த்தால் பூவின் மணம் எடுபடாமல் போகும். சாத்துக்குடியின் தோலுக்கு உள்ளே இருக்கும் வெண்மையான பஞ்சுப் பகுதியிலும் பெக்டின் உண்டு. ஒருமுறை கொதிநீரில் இட்டு அந்த நீரைக் கொட்டிவிட்டால் கசப்புக் குறையும்.

ஒரு சாற்றில் போதிய பெக்டின் இருக்கிறதா என்று வீட்டிலேயே சோதிக்கலாம். ஆறிய சாறு ஒரு தேக்கரண்டி எடுத்து, மருந்துக் கடையில் கிடைக்கும் சர்ஜிகல் ஸ்பிரிட் ஒரு தேக்கரண்டி சேர்த்து, மெல்லக் கலக்கிச் சில நிமிடம் விட வேண்டும். ஒரே கட்டியாகத் திரண்டால் பெக்டின் நிறைவாக உள்ளது. சிறு சிறு துணுக்குகளாகத் திரண்டால் குறைவு. அத்தகைய சாற்றை இன்னும் சற்றுக் காய்ச்சிச் சுண்டவைத்துக்கொள்ளலாம். சோதனைக்கு எடுத்ததை உடனே கொட்டிவிட வேண்டும். அதை நாவில் வைக்கக் கூடாது. சாற்றில் திரும்பக் கலக்கவும் கூடாது.

பூவிடம் பெக்டின் இல்லை என்ற விதிக்கு ஒரு சிறந்த விலக்கு உண்டு. புளிச்சக்கீரை இனத்தைச் சேர்ந்த, சிவந்து தடித்த புல்லிவட்டம் கொண்ட செடியை மலைக்கு மேற்கே மத்திப்புளி என்கிறார்கள்; தேநீராக உலர்த்தி விற்பவர்கள் ரோசெல் என்கிறார்கள். பூ உதிர்ந்த பிறகு காயைப் போர்த்திக்கொண்டிருக்கும் அந்தச் சிவந்த மடல்களில் பெக்டினும் இருக்கிறது, புளிப்பும் இருக்கிறது, கண்ணைக் கவரும் சிவப்பும் இருக்கிறது. அவற்றை நீரில் வேகவைத்து வடித்து, சர்க்கரை மட்டும் சேர்த்துக் காய்ச்சினாலே உறைந்துவிடும். முதன்முறை முயல்பவருக்கு இந்தச் செடி கிடைக்குமானால் இதிலிருந்து தொடங்குவதே நல்லது.

எந்தப் பூ, எந்தப் பூ கூடாது

இந்தப் பகுதியைத் தாண்டிச் செய்முறைக்குப் போக வேண்டாம் என்று வாசகரை மனமாரக் கேட்டுக்கொள்கிறேன். ஜெல்லி உறையாமல் போனால் சர்க்கரைதான் வீண். பூவைத் தவறாக அடையாளம் கண்டால் நேர்வது அதைவிடப் பெரிது.

அரளி எல்லா நிறத்திலும் நஞ்சு. சிவப்பு, வெள்ளை, இளஞ்சிவப்பு அரளியும், மணிபோல் தொங்கும் மஞ்சள் அரளியும் இதயத் துடிப்பைக் குலைக்கும் நச்சுப் பொருள்களைக் கொண்டவை. கொதிக்கவைத்தாலும் உலர்த்தினாலும் அந்த நஞ்சு நீங்குவதில்லை. 2024-ஆம் ஆண்டு மே மாதத்தில், கேரளத்தில் கோயில்களை நிர்வகிக்கும் திருவிதாங்கூர் தேவசம் போர்டு, தன் கோயில்களில் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூவைச் சேர்க்கக் கூடாது என்று தடை விதித்ததை நம் எல்லைப் பகுதியில் பலரும் அறிவார்கள். கோயிலில் வைத்துத் தொழுத பூ என்பதாலேயே ஒரு பூ உண்ணத்தக்கது ஆகிவிடாது. செங்காந்தள் நம் மாநில மலர். அதன் கிழங்கு முதல் இதழ் வரை கோல்ச்சிசின் என்ற கடும் நஞ்சு உண்டு. ஊமத்தை, எருக்கு, உண்ணிச்செடி ஆகியவையும் விலக்க வேண்டியவை.

நல்ல பூக்களில் ஆவாரம்பூவை முதலில் வைக்கலாம். "ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்று சொல்லும் அளவுக்கு நம் முன்னோர் அதை நம்பினார்கள். அந்த நம்பிக்கையே ஒரு கவனக்குறைவுக்கும் இடம் கொடுக்கிறது. மஞ்சளாகப் பூத்த செடியையெல்லாம் ஆவாரை என்று கருதிப் பறிப்பவர்கள் இருக்கிறார்கள். பேயாவாரை என்று ஒரு செடி உண்டு. வட இந்தியாவில், குறிப்பாக உத்தரப் பிரதேசத்தின் மேற்கு மாவட்டங்களில், அதன் காய்களைத் தின்ற சிறு குழந்தைகள் கல்லீரலும் மூளையும் பாதிக்கப்பட்டு இறந்திருக்கிறார்கள். இரண்டையும் பூவைக் கொண்டு பிரிப்பதைவிட இலையைக் கொண்டு பிரிப்பது எளிது. ஆவாரையின் ஓர் இலைக்காம்பில் 8 முதல் 12 இணைச் சிற்றிலைகள் இருக்கும். அவை சிறியவை, நுனி மழுங்கியவை. காம்பின் அடியில் காதுமடல் போன்ற அகன்ற பச்சைச் செதில் ஒட்டியிருக்கும். பேயாவாரையில் 4 முதல் 6 இணைச் சிற்றிலைகளே இருக்கும்; அவை பெரியவை, நுனி கூர்மையானவை; கசக்கினால் கெட்ட வாடை வீசும். ஐயம் ஒரு துளி இருந்தாலும் பறிக்காமல் விட்டுவிட வேண்டும்.

செம்பருத்தியில் ஐந்து இதழ்கள் கொண்ட சிவப்பு நாட்டு வகையே ஜெல்லிக்கு ஏற்றது. அதன் இதழைத் தேய்த்தால் கையில் வழவழப்பு ஒட்டும். அந்த வழவழப்பே ஜெல்லியை உறையவைக்கும் என்று நினைப்பது இயல்பு, ஆனால் அது பெக்டின் அன்று. இதழைக் கொதிக்க விட்டால் அந்தப் பசை மிகுதியாக இறங்கிச் சாற்றைக் கலங்கலாக்கிவிடும்.

சங்குப்பூவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அதன் நீலத்தைக் கண்டு ஆசைப்பட்டுத் தொடங்குபவர்களே அதிகம் ஏமாறுகிறார்கள். செம்பருத்தியின் சிவப்பும் சங்குப்பூவின் நீலமும் ஆந்தோசயனின் என்ற ஒரே குடும்பத்து நிறமிகளால் வருபவை. இந்த நிறமிகள் புளிப்புக்கு ஏற்ப நிறம் மாறும். மங்கலாக உள்ள செம்பருத்தி நீரில் எலுமிச்சையைப் பிழிந்தால் அது பளிச்சென்ற சிவப்பாகும். நீலச் சங்குப்பூ நீரில் பிழிந்தால் ஊதாவாகும். பெக்டின் ஜெல்லிக்குப் புளிப்பு இன்றியமையாதது என்று முன்பே பார்த்தோம். ஆகவே மேலே சொன்ன முறையில் நீல நிற ஜெல்லி செய்ய வழியே இல்லை. கிடைப்பது ஊதா ஜெல்லிதான். அதுவும் அழகானதே. நீலமே வேண்டும் என்பவர்கள் புளிப்புச் சேர்க்காமல் அகர் அகரில் உறையவைத்து அன்றே உண்டுவிடலாம்.

இலுப்பைப் பூ மற்றப் பூக்களினின்றும் வேறுபட்டது. கோடையின் தொடக்கத்தில், விடியுமுன் மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் அதன் தடித்த இதழ்களில் சர்க்கரையே மிகுதி. ஆலை இல்லாத ஊருக்கு அதுவே சர்க்கரையாக இருந்திருக்கிறது. அதைப் பயன்படுத்தும்போது உள்ளிருக்கும் மகரந்தத் தாள்களை நீக்கிவிட்டு, மண்போக நன்றாக அலசிக்கொள்ள வேண்டும். அதன் கனத்த வாசனை எல்லோருக்கும் பிடிப்பதில்லை என்பதால் முதலில் சிறிதளவு செய்து பார்ப்பது நல்லது.

பறிக்கும் இடமும் பூவைப் போலவே முக்கியம். சாலையோரச் செடிகளில் புகையும் தூசும் படிந்திருக்கும். பூக்கடைப் பூக்கள் பூச்சிமருந்து அடித்து வளர்க்கப்பட்டவை. அவை உண்பதற்காக விளைவிக்கப்பட்டவை அல்ல. மலைக்கு மேற்கே ரப்பர்த் தோட்டங்களில் தென்மேற்குப் பருவமழைக்கு முன்பாகத் தாமிரம் கலந்த பூஞ்சைக்கொல்லி தெளிப்பது வழக்கம்; அப்போது தோட்ட வேலியில் நிற்கும் செம்பருத்தியைத் தொடாமல் இருப்பது நல்லது. காப்புக் காட்டுக்குள் அனுமதியின்றிப் பூவோ காயோ எடுப்பது குற்றம். நம் சொந்த நிலத்திலும், உரியவரைக் கேட்டு அவர்கள் வேலியிலும் பறித்தாலே இந்த வேலைக்குத் தாராளமாகப் போதும். ஒரு செடியில் உள்ள பூக்களில் பாதிக்கு மேல் எடுக்காமல் தேனீக்கும் விதைக்கும் விட்டுவைப்பது நம் கடமை.

செய்முறை

இங்கே செம்பருத்தியும் கொய்யாவும் கொண்டு சொல்கிறேன். செம்பருத்திக்கு நிறம் உண்டு, மணம் அநேகமாக இல்லை. கொய்யாவுக்கு மணம் உண்டு, நிறம் இல்லை. இதனால் ஒன்றை ஒன்று கெடுப்பதில்லை.

நிறம் மாறத் தொடங்கிய, இன்னும் கெட்டியாக உள்ள கொய்யா ஒரு கிலோ எடுத்துக் கழுவி, தோலோடும் விதையோடும் மெல்லிய வில்லைகளாக நறுக்க வேண்டும். எவர்சில்வர் பாத்திரத்தில் இட்டு, வில்லைகள் மூழ்கும் அளவு மட்டும் நீர் ஊற்றி, அரை மணி நேரம் மெல்லிய தீயில் வேகவிட வேண்டும். கரண்டியால் மசிக்கக் கூடாது. பிறகு சுத்தமான மெல்லிய பருத்தித் துணியில் கொட்டி முடிந்து, கீழே பாத்திரம் வைத்து இரவு முழுதும் தொங்கவிட வேண்டும். சாறு தானாகச் சொட்ட வேண்டும். பொறுமையிழந்து துணியைப் பிழிந்தால் சதைத் துணுக்குகள் இறங்கி ஜெல்லி கலங்கிவிடும். பிறகு எத்தனை முறை வடிகட்டினாலும் அந்தத் தெளிவு திரும்பாது.

மறுநாள் காலையில் மலர்ந்த செம்பருத்தி இருபது பூக்கள் போதும். பச்சைக் காம்பையும், நடுவிலுள்ள மகரந்தத் தண்டையும் நீக்கிவிட்டு இதழ்களை மட்டும் எடுத்து, எறும்பு இல்லாமல் பார்த்து, நீரில் மெல்ல அலசிக்கொள்ள வேண்டும். பூவைத் தனியாக நீரில் ஊறவைத்து அந்த நீரைக் கொய்யாச் சாற்றில் கலப்பதே பலர் செய்யும் முறை. அப்படிச் செய்தால் பெக்டின் நீர்த்துப்போகிறது. அதன் பின் அதிக நேரம் காய்ச்ச நேர்ந்து நிறமும் மங்குகிறது. கொய்யாச் சாற்றையே 500 மில்லி எடுத்துச் சூடாக்கி, கொதி வருமுன் இறக்கி, அதற்குள் நேராக இதழ்களைப் போட்டு மூடிவைப்பதே மேலானது. பதினைந்து இருபது நிமிடத்தில் இதழ்கள் வெளுத்து, சாறு சிவந்துவிடும். இதழ்களை அழுத்தாமல் வடித்துவிட வேண்டும்.

ஆவாரம்பூவானாலும் இதே முறைதான். இரண்டு கைப்பிடி இதழ்கள் வேண்டும். அதில் மொட்டும் பச்சைப் புறவிதழும் சேர்ந்துவிடாமல் பார்க்க வேண்டும். ஆவாரம்பட்டை தோல் பதனிடுவதற்கு வழிவழியாகப் பயன்பட்டு வந்தது. அதற்குக் காரணமான துவர்ப்புப் பொருள் செடியின் மற்றப் பாகங்களிலும் ஓரளவு உண்டு. அந்தத் துவர்ப்பு இரும்போடு சேர்ந்தால் கறுத்துவிடும் என்பதால் இரும்புச் சட்டியைத் தவிர்க்க வேண்டும். புளிப்புச் சேருவதால் அலுமினியமும் ஏற்றதன்று.

வடித்த சாற்றை அடிகனமான, அகன்ற பாத்திரத்தில் ஊற்றி, வெள்ளைச் சர்க்கரை 400 கிராம் சேர்த்து, அது முழுதும் கரையும்வரை மெல்லிய தீயிலும், கரைந்த பிறகு பெருந்தீயிலும் காய்ச்ச வேண்டும். வெல்லமும் கருப்பட்டியும் உயர்ந்த பொருள்களே ஆனாலும் இங்கே அவை பூவின் நிறத்தையும் சுவையையும் முற்றிலும் மறைத்துவிடும். நுரை பொங்கும், ஓரமாக ஒதுக்கி எடுத்துவிடலாம். கொதி நன்றாகத் தடித்து வரும் நேரத்தில் இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாற்றை வடிகட்டிச் சேர்க்க வேண்டும். தொடக்கத்திலேயே சேர்த்து நெடுநேரம் கொதிக்கவிட்டால், அமிலமும் வெப்பமும் சேர்ந்து பெக்டின் சங்கிலிகளை அறுத்துவிடுகின்றன. அளவை இரட்டிப்பாக்கி ஒரே தடவையில் பெரிய பாத்திரத்தில் காய்ச்சக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம். அதிகச் சாறு சுண்ட அதிக நேரம் பிடிக்கும்.

பதம் பார்ப்பதற்கு மூன்று வழிகள் உண்டு. வெப்பமானி வைத்திருப்பவர்கள், தண்ணீர் கொதிக்கும் வெப்பத்தைவிட 4 முதல் 5 டிகிரி செல்சியஸ் கூடியதும் இறக்கலாம். செங்கோட்டை போன்ற தாழ்ந்த ஊர்களில் அது ஏறத்தாழ 104 டிகிரி. மூணாறு போல 1500 மீட்டர் உயரத்தில் உள்ள ஊரில் தண்ணீரே 95 டிகிரியில் கொதிப்பதால், அங்கே 100 டிகிரியை நெருங்கும்போதே பதம் வந்துவிடும். புத்தகத்தில் கண்ட 104-க்காகக் காத்திருந்தால் ஜெல்லி ரப்பராகிவிடும். வெப்பமானி இல்லாதவர்கள் கரண்டியைத் தோய்த்து உயர்த்திச் சாய்த்துப் பார்க்கலாம். முதலில் துளித்துளியாக விழுந்த பாகு, இரண்டு துளிகள் ஓரத்தில் ஒன்றுகூடித் தகடுபோல் வழுக்கி விழும்போது பதம் வந்துவிட்டது. எனக்கு மிகவும் நம்பகமாகத் தோன்றுவது எடை பார்க்கும் முறை. வெறும் பாத்திரத்தின் எடையை முதலில் குறித்துக்கொண்டு, சேர்த்த சர்க்கரையின் எடையைப் போல் ஒன்றரை மடங்கு பாகு மிஞ்சும்வரை காய்ச்ச வேண்டும். நாம் 400 கிராம் சர்க்கரை சேர்த்ததால் பாகின் எடை 600 கிராமை எட்டியதும் இறக்கிவிடலாம். இதில் கண்ணின் தேர்ச்சியோ கையின் பழக்கமோ தேவைப்படுவதில்லை. முதன்முறை செய்பவருக்கும் பல முறை செய்தவருக்கும் ஒரே முடிவே கிடைக்கும்.

கண்ணாடிப் பாட்டில்களைக் கழுவி, பத்து நிமிடம் நீரில் கொதிக்கவைத்து எடுத்து, சூடு தணியுமுன் சூடான ஜெல்லியை மேல்விளிம்புக்குக் கால் அங்குலம் கீழ்வரை ஊற்றி மூட வேண்டும். நெடுநாள் வைக்க எண்ணினால், மூடிய பாட்டில்களைக் கொதிநீரில் மூழ்கவைத்து மேலும் பத்து நிமிடம் விட வேண்டும். மேலே மெழுகு உருக்கி ஊற்றும் பழைய வழக்கம் பூஞ்சையை முழுதும் தடுப்பதில்லை, அதை விட்டுவிடலாம். ஊற்றிய பிறகு பன்னிரண்டு மணி நேரமாவது அசைக்காமல் வைக்க வேண்டும். உறைந்துகொண்டிருக்கும் வலையைக் கலைத்தால் அது மீண்டும் அப்படியே பின்னிக்கொள்வதில்லை.

குறைகளும் அவற்றின் காரணங்களும்

ஜெல்லியின் மேல் நீர் கசிந்து நின்றால் புளிப்பு மிகுந்துவிட்டது. நறநறவென்று கற்கண்டுத் துணுக்குகள் தோன்றினால் சர்க்கரை மிகுதி, அல்லது அது கரையுமுன்பே தீயைக் கூட்டிவிட்டார்கள். கடித்தால் இழுபடும் அளவு கெட்டியாக இருந்தால் காய்ச்சல் கூடிவிட்டது. நிறம் மங்கினால் பாட்டில் வெளிச்சத்தில் இருந்திருக்கிறது. ஆந்தோசயனின் ஒளியிலும் வெப்பத்திலும் மெல்ல அழியும், ஆகவே சிவப்பு ஜெல்லியை இருட்டான அலமாரியில் வைக்க வேண்டும். திறந்த பாட்டிலைக் குளிர்பெட்டியில் வைத்துச் சில வாரங்களில் முடித்துவிட வேண்டும். சாரல் காலத்தில் மேலே பூஞ்சை படர்ந்தால் அந்தப் பகுதியை மட்டும் வழித்தெறிந்துவிட்டு மீதியை உண்ணக் கூடாது, முழுவதையும் கொட்டிவிட வேண்டும்.

ஆவாரம்பூ சர்க்கரை நோய்க்கு நல்லது என்று கேள்விப்பட்டு, அதன் ஜெல்லியையும் அந்த எண்ணத்தோடு உண்பவர்களுக்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இந்தப் பண்டத்தில் நூற்றுக்கு 65 பங்கு சர்க்கரை. ஒரு தேக்கரண்டியில் 4 முதல் 5 கிராம் சர்க்கரை உள்ளே போகிறது. அது எந்த நோய்க்கும் மருந்து அன்று. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஏற்ற உணவும் அன்று. கருவுற்ற பெண்களும், தொடர்ந்து மருந்து உட்கொள்பவர்களும் ஆவாரம்பூவையும் செம்பருத்தியையும் உண்பதற்கு முன் மருத்துவரைக் கேட்பது நல்லது. மற்றவர்களும் புதிய பூ எதுவானாலும் முதல் நாள் சிறிதளவே உண்டு, உடலுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டும். விற்பனைக்காகச் செய்ய விரும்புபவர்கள், வீட்டில் செய்ததே ஆனாலும், உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

எல்லாம் முறையாகச் செய்தும் ஒரு நாள் கழித்து உறையவில்லை என்றால், அதைக் கொட்ட வேண்டியதில்லை. புதிதாக வடித்த கொய்யாச் சாறு 100 மில்லி சேர்த்து மீண்டும் கொதிக்கவைத்து, எடையை முன்போலவே 600 கிராமுக்குக் கொண்டுவந்தால் பெரும்பாலும் உறைந்துவிடும். ஒரு முறைக்கு மேல் இப்படிக் காய்ச்சினால் பெக்டின் சிதைந்துவிடும் என்பதால், இரண்டாம் முறையும் உறையாததை அப்படியே பாட்டிலில் ஊற்றிக் குளிர்பெட்டியில் வைத்துக்கொண்டு, குளிர்ந்த நீரில் இரண்டு கரண்டி கலந்து சர்பத்தாகக் குடிக்கலாம்.